வெண்டைக்கும் பருத்திக்கும் என்ன உறவு?

ஏழாம் வகுப்பு வளரறித் தேர்வுக்காக நான் தயாரித்த வினாத்தாளில் ஓர் எளிய வினா இருந்தது. 'பொருந்தாததை வட்டமிடுக: வெண்டை, கத்தரி, பருத்தி, தக்காளி.' விடை பருத்தி. மற்ற மூன்றும் காய்கறிகள், பருத்தி இழைப்பயிர். இரண்டு நிமிடத்தில் திருத்தி முடித்துவிடக்கூடிய வினா.

ஒரு மாணவி எதையும் வட்டமிடவில்லை. பக்கத்திலேயே பென்சிலால் இப்படி எழுதியிருந்தாள்: 'வெண்டையும் பருத்தியும் ஒரே சாதி. கத்தரியும் தக்காளியும் ஒரே சாதி. பொருந்தாதது இல்லை.' நான் சிவப்பு மையால் அடித்து, சுழியம் போட்டேன். விடைக்குறிப்பில் இல்லாத விடை என்பது ஒரு காரணம். 'சாதி' என்ற சொல் வகுப்பறைத் தாளில் கண்ணை உறுத்தியது இன்னொரு காரணம். சங்கரன்கோவில் வட்டாரக் கரிசலில் சம்சாரிகள் விதை ரகத்தையும் செடி வகையையும் 'சாதி' என்றே சொல்வார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தாளை வாங்கிக்கொண்ட மாணவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டீச்சர், ரெண்டு பூவும் ஒண்ணு போலத்தான இருக்கு?"

"பாடத்துல இருக்கிறதை எழுதும்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன். அடுத்த இரண்டு நாள் அவள் வகுப்பில் கை தூக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பருத்திக் காட்டின் ஓரம் வண்டியை நிறுத்திப் பூவைப் பார்த்தேன். மறுநாள் காலை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், என் விடைக்குறிப்பு ஒரு விடையை மட்டும்தான் சொன்னது, அவளுடைய விடை அதைவிட ஆழமானது என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன். அன்று தொடங்கிய பாடம்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

காய்கறி என்பது தாவரவியல் சொல் அன்று. அது சமையலறைச் சொல். ஒரு காயைப் பற்றி மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கலாம். இது செடியின் எந்த உறுப்பு? யாருக்கு உறவு? எந்த ஊரிலிருந்து வந்தது? இந்த மூன்றையும் நாம் வகுப்பில் கலந்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி எளிது. கேரட் வேர், உருளை தண்டு, முட்டைக்கோஸ் இலை, காலிபிளவர் பூங்கொத்து, தக்காளி கனி. தக்காளி பழமா காய்கறியா என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. 1883ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச் சட்டம் இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு வரி விதித்தது, பழங்களுக்கு விதிக்கவில்லை. தக்காளி பழம்தானே என்று ஒரு வணிகக் குடும்பம் வழக்குத் தொடுத்தது. தாவரவியல்படி தக்காளி கனிதான், ஆனால் மக்கள் வழக்கில் அது சாப்பாட்டோடு பரிமாறப்படும் காய்கறி என்று 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு விடைகளும் சரி, கேள்விகள்தாம் வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நம் மாணவர்களுக்கு இதைக் கதையாகச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

இரண்டாம் கேள்வியான உறவைத்தான் அந்த மாணவி எழுதியிருந்தாள். உறவைக் கண்டுபிடிக்க இலையும் காயும் பெரிதாக உதவா; நீரும் மண்ணும் மனிதத் தேர்வும் அவற்றை எளிதில் மாற்றிவிடும். பூ அவ்வளவு எளிதில் மாறாது. அதனால்தான் லின்னேயஸ் 1753இல் தாவரங்களை வகைப்படுத்தியபோது பூவின் உறுப்புகளை எண்ணினார். சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். விடியும் முன் அம்மாவோடு பூ எடுக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. பூவைப் பார்க்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்ததை எழுத இடம் தந்தால் போதும்.

செம்பருத்தி வீட்டார்

வெண்டைப் பூவைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ்கள், நடுவில் கருஞ்சிவப்புக் கண். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றி ஒரு குழாய்போல் நிற்கும். பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியிலும் அதே குழாய். பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் பூவரசிலும் அதே குழாய். பருத்தியிலும் அதே. நம் கரிசலின் பழைய கருங்கண்ணிப் பருத்தியின் பூ மஞ்சள் இதழும் சிவந்த கண்ணுமாக வெண்டைப் பூவோடு இன்னும் நெருக்கமாக ஒத்திருக்கும். இந்த வீட்டாருக்குத் தாவரவியலில் மால்வேசி என்று பெயர். சாக்லேட் தரும் கொக்கோ மரத்தையும் இன்றைய வகைப்பாடு இதே குடும்பத்தில்தான் வைக்கிறது.

இன்னொரு சான்று கையிலேயே தெரியும். வெண்டைக்காயை நறுக்கினால் வழவழப்பு. செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினாலும் அதே வழவழப்பு. பாட்டி தலைக்குத் தேய்த்துவிட்ட அரைப்பும் தட்டில் இருக்கும் வெண்டையும் ஒரே வீட்டுப் பொருள் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது.

அந்த மாணவியின் அப்பா பருத்தி போடுகிறவர். "பருத்திக்குப் பக்கத்துல வெண்டை போடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லும், ரெண்டுக்கும் ஒரே புழு" என்றாள். சரிதான். புள்ளிக் காய்ப்புழு பருத்திக் காயையும் துளைக்கும், வெண்டைக்காயையும் துளைக்கும். வகைப்பாட்டியல் என்பது தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் மட்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. உறவு தெரிந்தால் எந்த நோய் எதற்குப் பரவும் என்பது தெரியும். ஒரு பயிருக்குப் பின் எதைப் போடக்கூடாது என்பதும் தெரியும்.

கத்தரி வீட்டார்

கத்தரியும் தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே பேரினம். மூன்றுக்கும் முதற்பெயர் சொலானம். அடிப்பகுதியில் இணைந்த ஐந்து இதழ்கள் நட்சத்திரமாக விரிய, நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். கத்தரிக்கு ஊதாப் பூ, தக்காளிக்கு மஞ்சள், உருளைக்கு வெள்ளையோ ஊதாவோ. நம் வேலியோரத்துத் தூதுவளை, சுண்டை, மணத்தக்காளி, கண்டங்கத்தரி எல்லாம் இதே பேரினம். மிளகாய் பேரினத்தில் வேறு, குடும்பத்தில் ஒன்று. பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிக்கவைக்கும் சொடக்குத் தக்காளியும் புகையிலையும் ஊமத்தையும்கூட இதே குடும்பம்தான்.

நான் பி.எஸ்சி. படித்தபோது தக்காளியின் பெயர் 'லைகோபெர்சிகான் எஸ்குலெண்டம்' என்று மனப்பாடம் செய்தேன். லின்னேயஸ் அதை முதலில் சொலானத்தில்தான் வைத்திருந்தார். பிறகு பிலிப் மில்லர் பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு தக்காளி மீண்டும் சொலானத்துக்கே திரும்பிவிட்டது. இப்போது 'சொலானம் லைகோபெர்சிகம்.' இதைச் சொல்லிவிட்டு, "டீச்சர் படிச்ச விடைக்குறிப்பும் மாறிப்போச்சு" என்றேன்.

உருளையின் பிறப்புக் கதை இன்னும் வியப்பானது. சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவில் தக்காளியின் மூதாதையர் வழியும், எட்யூபரோசம் எனப்படும் இன்னொரு சொலானம் வழியும் கலந்தே உருளையின் வழி தோன்றியது என்று 2025இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. பெற்றோர் இருவருக்கும் கிழங்கு கிடையாது. கிழங்குக்கு வேண்டிய மரபணுக்களில் ஒரு பகுதி தாய்வீட்டிலிருந்தும் ஒரு பகுதி தந்தைவீட்டிலிருந்தும் வந்து சேர்ந்த பிறகே பிள்ளைக்குக் கிழங்கு வந்தது.

உறவு நெருக்கமாக இருப்பதால்தான் ஒட்டுக் கட்டவும் முடிகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சுண்டைச் செடியின் வேர்த்தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டும் முறையைப் பரிந்துரைக்கிறது. மண்வழி நோய்களைச் சுண்டையின் வேர் தாங்கும். வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் ஒரே செடியில் கத்தரியும் தக்காளியும் காய்க்கவைத்து அதற்குப் 'பிரிமேட்டோ' என்று பெயரிட்டது.

பெயரை எவ்வளவு நம்பலாம்?

சில நேரம் பெயர் உண்மை சொல்லும். தக்காளி என்பது முன்பு மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி போன்ற நம் ஊர்ச் செடிகளின் பெயர். கடல் தாண்டி வந்த பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்று அழைத்தவர்கள் உறவைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

சில நேரம் பெயர் ஏமாற்றும். மிளகாய்க்கும் மிளகுக்கும் உறப்பு மட்டுமே பொது. மிளகு வெற்றிலையின் உறவு. 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று சிலர் அழைக்கும் சவ்சவ் கத்தரி வீட்டைச் சேர்ந்ததில்லை. கொடியையும் பற்றுக்கம்பியையும் பார்த்தாலே பூசணி, பீர்க்கு, தடியங்காய் ஆகியவற்றின் உறவு என்று தெரிந்துவிடும். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பெயரில் உடன்பிறப்புகள், பூவில் அந்நியர்கள். மரவள்ளி ஆமணக்கு வீடு. சர்க்கரைவள்ளியின் பூவைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கத்துக் குளங்களில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் ஊதாப் புனல்பூவைப் பாருங்கள். இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம். பெயரில் ஆமணக்கு இருக்கும் செடி ஆமணக்கு வீட்டில் இல்லை, பெயரில் ஆமணக்கே இல்லாத மரவள்ளி அந்த வீட்டில் இருக்கிறது.

ஒரே சிற்றினம், பல காய்கள்

முட்டைக்கோஸ், காலிபிளவர், நூக்கோல், புரோக்கோலி நான்கும் நான்கு இனங்கள் என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். நான்கும் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே சிற்றினம். ஐரோப்பியக் கடற்கரைகளில் காட்டுச்செடியாக இருந்ததை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் நுனிமொட்டையும், ஓரிடத்தில் பூங்கொத்தையும், ஓரிடத்தில் தண்டையும் பெருக்கவைத்தார்கள். நம் தாளிப்புக் கடுகு இதன் நெருங்கிய உறவு. முள்ளங்கி சற்றுத் தள்ளிய உறவு. இந்த வீட்டுப் பூவுக்கு நான்கு இதழ்கள், கூட்டல் குறிபோல் நிற்கும். மகரந்தத் தாள்கள் ஆறு: நான்கு நீளம், இரண்டு குட்டை.

கடுகே ஒரு கலப்புப் பிள்ளை. டர்னிப்பின் இனத்துக்கு 20 குரோமோசோம்கள், கருங்கடுகுக்கு 16. இரண்டும் கலந்து பிறந்த நம் கடுகுக்கு 36. நாகஹாரு யூ என்ற தாவரவியலாளர் 1935இல் இதை விளக்கினார். கணக்கு ஆசிரியரும் இந்தப் பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

பூ சொல்லாத உறவும் உண்டு என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். முருங்கைப் பூவுக்கு ஐந்து இதழ்கள். கடுகுப் பூவோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. ஆனாலும் முருங்கை, பப்பாளி, கடுகு மூன்றும் குடும்பத்துக்கு மேலே உள்ள 'வரிசை' என்ற படியில் ஒன்று சேர்கின்றன. முருங்கை வேரிலும் பப்பாளி விதையிலும் இருக்கும் காரம் கடுகின் காரத்தோடு தொடர்புடையது. முதலில் வேதியியலும் பிறகு மரபணுவும் சொன்ன உறவு இது.

ரசத்திலும் இப்படி ஓர் உறவுக்கூட்டம் உண்டு. சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம் மூன்றும் குடைபோல் விரியும் பூங்கொத்து உடைய ஒரே குடும்பம். சோம்பும் ஓமமும் கேரட்டும் இதில் சேரும். பெருங்காயத்துக்கு நாம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தையே நம்பியிருந்தோம். 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனம் அதன் நாற்றை நட்டது.

எங்கிருந்து வந்தன?

மூன்றாம் கேள்விக்கு வீட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. திதி கொடுக்கும் நாளில் என்னென்ன காய் சமைப்பதில்லை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னேன். தக்காளி, உருளை, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் சேர்ப்பதில்லை, மிளகாய்க்குப் பதில் மிளகுதான் என்று சில வீடுகளிலிருந்து விடை வந்தது. பின்னால் வந்த காய்களை உள்ளே விடாத அந்தச் சமையல், முன்பு இங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதற்குப் பின் வந்த கப்பல்களில்தான் மிளகாய் நமக்கு வந்தது. தக்காளி, உருளை, பீன்ஸ், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை, மஞ்சள் பூசணி, சவ்சவ் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். வேலியோரச் சுண்டையும் அங்கிருந்து வந்ததுதான். தட்டாம்பயறு ஆப்பிரிக்கா. வெள்ளரி, துவரை, முருங்கை இந்தியத் துணைக்கண்டத்தவை. கத்தரியைப் பயிராக்கியவர்களும் ஆசிய உழவர்கள். வெண்டை ஆப்பிரிக்காவா இந்தியாவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

மிளகாய் வத்தல் இல்லாத கரிசல் சமையலை எங்கள் பிள்ளைகளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "அப்ப எது டீச்சர் நம்ம காய்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நூறு வருடமாக உன் தாத்தா காட்டில் விளைகிறது, உன் அம்மா கையால் சமைக்கிறாள், அதுவும் நம் காய்தான் என்றேன். 'வந்தது', 'இருந்தது' என்ற பிரிவு வரலாற்றுப் பாடத்துக்குத் தேவை. உயர்வு தாழ்வு சொல்ல அது பயன்படக் கூடாது. இதை வகுப்பில் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. ஒரு வாரம் சத்துணவில் சேரும் காய்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பெயர், உறுப்பு, குடும்பம், தாயகம் என நான்கு கட்டங்கள். முதல் இரண்டை உடனே நிரப்பலாம். மற்ற இரண்டும் பருவம் முழுக்க நிரம்பட்டும்.

2. கடுகு, கொத்தமல்லி, வெண்டை, தட்டாம்பயறு விதைகளைப் பள்ளித் தோட்டத்திலோ பழைய வாளியிலோ விதையுங்கள். மல்லி விதையை இரண்டாக உடைத்துப் போடவேண்டும். கீரையாகப் பறிக்காமல் சில செடிகளைப் பூக்க விடுங்கள்; ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பூ கிடைக்கும்.

3. பூ ஏடு ஒன்று தொடங்குங்கள். தொடக்க வகுப்பினர் இதழ்களை எண்ணி வரைந்தால் போதும். ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்கள் இதழ் இணைந்ததா பிரிந்ததா, மகரந்தத் தாள்கள் எத்தனை என்று எழுதலாம். மேல்நிலை மாணவர்கள் குடும்பப் பண்புகளோடு ஒப்பிடலாம்.

4. உறவுமுறைச் சொற்களால் படிநிலையைக் கற்பியுங்கள். ஒரே சிற்றினம் என்றால் உடன்பிறந்தவர்கள், ஒரே பேரினம் என்றால் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், ஒரே குடும்பம் என்றால் ஒரே வகையறா, ஒரே வரிசை என்றால் தூரத்துச் சொந்தம். ஒப்புமை முழுமையானதில்லை, ஆனால் ஏழாம் வகுப்புக்குப் போதும்.

5. ஒரு கட்டாய எச்சரிக்கை. உறவு என்பதால் உண்ணலாம் என்று பொருளில்லை. கத்தரி வீட்டில் ஊமத்தை இருக்கிறது. உருளைச் செடியில் தக்காளிபோல் காய்க்கும் பச்சைக் காய் நஞ்சு. ஆமணக்கு விதை கடும் நஞ்சு. பூவைப் பார்க்கலாம், தொடலாம். எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கை கழுவவும் வையுங்கள்.

மீண்டும் அந்த வினா

அடுத்த தேர்வில் அதே நான்கு பெயர்களை வேறு மாதிரி கேட்டேன்: 'வெண்டை, கத்தரி, பருத்தி, தக்காளி. இவற்றை இரண்டு இரண்டாகப் பிரிக்க. காரணம் எழுதுக.' பிரிப்புக்கு மதிப்பெண் இல்லை, காரணத்துக்கு மட்டுமே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். திருத்த நேரம் அதிகம் ஆனது உண்மை. ஆனால் பூவைப் பார்த்துப் பிரித்தவர்கள், புழுவைச் சொல்லிப் பிரித்தவர்கள், பச்சையாகத் தின்னலாமா என்று பார்த்துப் பிரித்தவர்கள் என்று தாளுக்குத் தாள் ஒரு பிள்ளை தெரிந்தது. ஒருவன் 'எனக்குப் பிடித்தது, பிடிக்காதது' என்று பிரித்திருந்தான். அவனுக்கு எவ்வளவு போடுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த மாணவி இந்த முறை பென்சிலால் எழுதவில்லை, பேனாவால் எழுதியிருந்தாள். 'சாதி' என்ற இடத்தில் 'குடும்பம்' என்று இருந்தது. கீழே இரண்டு பூக்களின் படமும் வரைந்து, மகரந்தக் குழாய்க்கு அம்புக்குறி போட்டிருந்தாள்.

கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), அரசுப் பள்ளி, சங்கரன்கோவில் ஒன்றியம், தென்காசி மாவட்டம்.